யமுனைக் கரை நர்சரியில் விலைக்கு நின்ற டக் படகு

யமுனை ஏறி ரிங் ரோட்டுக்கு வந்ததே, அந்த வருஷம். எண்ணில் எத்தனையாவது வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும். ஆனிக் கடைசியில் டெல்லியில் ஆறு ரோட்டில் ஓடியது. ஆவணியில் நம் நாட்டுக் கலம் நிலாவில் போய் இறங்கியது. அது இறங்கிய கையோடு பல தேசத்துத் தலைவர்கள் கூட்டம் என்று டெல்லியைப் பூட்டி வைத்தார்கள். மார்கழி பிறந்த அன்று தூத்துக்குடியில் மழை பிடித்து, ஊர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. எனக்கு ஊர் இரண்டு. இரண்டும் ஒரே வருஷத்தில் முங்கி எழுந்தன. அந்த மார்கழி கழிந்து, பொங்கல் வாரத்துச் சனிக்கிழமை அன்று, துவாரகாவில் இருந்து மயூர் விஹார் ஆற்றங்கரைக்கு ஒரு படகைப் பார்க்கப் போனேன். பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். வாங்கத்தான் போனேன்.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் டக்கில் ஸ்ராங்காக இருந்தவன். டக் என்றால் தன்னைவிடப் பல மடங்கு பெரியதை இழுத்துப் போகிற குட்டைக் கப்பல். ஸ்ராங்கு என்றால் அதன் சுக்கானைப் பிடிப்பவன். கப்பலில் இருந்து சரக்கு இறக்கி வருகிற தோணிகளைச் சரம் கோத்தமாதிரி கட்டிக் கரைக்கு இழுத்து வருவோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் செல்வி தட்டுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், சரக்குக்கு நான் பொறுப்பு.

செல்வியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஏரோபிளேனுக்குத் தானாகப் பின்னால் போக வராது. வாசலில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும் ஏரோபிளேனைத் தட்டையான ஒரு வண்டி பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் விட்டால்தான் அது பறக்கும். டெல்லி ஏர்போர்ட்டில் அந்த வண்டியை ஓட்டுகிறவள் என் மகள். பொம்பளைப் பிள்ளை அந்த வண்டியில் ஏறியதைப் பார்த்து முதல் வாரம் சிரித்தார்களாம். இப்போது கோணலான இடத்தில் பெரிய ஏரோபிளேன் நின்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் இழுத்தேன், அவள் தள்ளுகிறாள்.

அவளோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். டெல்லியில் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் ஒரு நர்சரியில், செடிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு படகின் மேல் நின்று எடுத்திருந்தாள். செல்வி போனில் காட்டினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் அழகாகத்தான் இருந்தார்கள். நான் அவர்களைத் திரையில் ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டுப் பின்னால் தெரிந்த படகைப் பார்த்தேன். உயரமான சுக்கான் அறை, தூக்கி நிற்கிற மொட்டை மூக்கு, மூக்கில் கயிற்றுத் திண்டு, பளபளவென்று தேக்குக் கைப்பிடி. "இது டக் மாதிரில்லா இருக்கு" என்றேன். "விலைக்காம்ப்பா" என்றாள் அவள், சும்மா பேச்சுக்குச் சொன்னமாதிரி. அன்று இரவு எனக்குத் தூக்கம் போயிற்று.

முப்பத்தொரு வருஷம் சுக்கான் பிடித்தவன் நான். அந்தச் சுக்கானில் ஓர் ஆணிகூட என்னுடையது இல்லை. கம்பெனி விலக்கியபோது கொடுத்த பணத்தைப் பெண்டாட்டி தொடவிடாமல் வங்கியில் போட்டு வைத்தாள். அவள் போன பிறகும் அது அங்கேயே கிடந்தது. படகை வைக்க இடமும் இருந்தது. முந்தின வருஷம் கார்த்திகைக் குளியலுக்குக் கங்கைக்கரை பிரிஜ்காட் போய் வந்ததை இங்கே சொல்லியிருக்கிறேன். அங்கே பழக்கமான படகுக்காரர், தன் துறையில் கட்டிக்கொள்ளலாம், யாத்திரை ஆட்களை ஏற்றி வருகிறதில் பாதிப் பாதி என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். எல்லாம் யோசித்தாயிற்று என்றுதான் நினைத்தேன். ஒன்றை யோசிக்கவில்லை. அது பின்னால் வரும்.

காலை ஏழே முக்காலுக்குத் துவாரகா செக்டர் இருபத்தொன்றில் மெட்ரோ ஏறினோம். நீலப் பாதை, வண்டி மாற வேண்டாம். அட்டையில் ஆளுக்கு ஐம்பத்து நான்கு ரூபாய் பிடித்தான். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிஷம். குளிரில் முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் நடுப் பெட்டியில் ஏறுங்கள், கதவு ஓரம் உட்கார வைக்காதீர்கள். ஒவ்வொரு நிலையத்திலும் பனி உள்ளே வந்து முழங்காலைப் பிடிக்கும். கரோல் பாகில் பாதி வண்டி இறங்கிப் பாதி வண்டி ஏறியது. இந்திரபிரஸ்தம் தாண்டியதும் பாலம். நான் எழுந்து நின்றேன். மூடுபனிக்குள் யமுனை ஒன்றுமே நடக்காததுபோல ஒடுங்கிக் கிடந்தது. ஆனியில் அந்தப் பாலத்தின் கால்களைப் பிடித்து ஏறிய ஆறு இதுதான் என்று அடித்துச் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள்.

மயூர் விஹார் நிலையத்துக்கு வெளியே முள்ளங்கி வைத்த மூலி பராட்டா தின்றோம். இரண்டு பராட்டாவும் இரண்டு டீயும் நூற்றிருபது. கூட வைத்த ஊறுகாய்க்கு மட்டுமே அந்தக் காசு தகும். அங்கிருந்து இ-ரிக்‌ஷா. ஆற்றுப் படுகை நர்சரி என்று செல்வி ஹிந்தியில் வழி சொல்ல ஆரம்பிக்கும் முன்பே ஓட்டுகிற பையா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜஹாஜ் வாலி நர்சரியா, பாபா?"

கப்பல் நர்சரி. ஆமாம் என்றேன். கல்யாணப் படமா என்று கேட்டார். செல்வி சிரித்துவிட்டாள். "ஆமாம் பையா, மாப்பிள்ளை இவர்தான்" என்றாள். அவர் என் குல்லாவையும் மப்ளரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அச்சா, பெண் எங்கே?" என்று கேட்டார். "அங்கே நிற்கிறாள்" என்றேன். ஆளுக்கு இருபது ரூபாய். கடைசி அரைக் கிலோமீட்டர் மண் பாதை, நடக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பாதையை நம்பிப் போகாதீர்கள்.

நர்சரிக்காரர் பெயர் ராம்ரதி. ஐம்பது வயது இருக்கும். கணவர் கொரோனாவில் போய்விட்டார். அவர்தான் இந்தப் படகை ஏலத்தில் எடுத்தவராம். யாரோ ஓர் ஓட்டல்காரர் ஏரியில் விடுவதற்காகக் கொச்சிப் பக்கம் செய்வித்து, ஏரி வற்றிப்போய், கைவிட்ட படகு. செடி வாங்க வருகிறவர்களைக் கவருவதற்கு நிறுத்தினார்கள்; படம் எடுக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்; மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு. இப்போது ஆற்றுப் படுகையில் யாரும் இருக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்துவிட்டது. செடிகளை நொய்டாவுக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போகிறார். படகு வைக்க அங்கே இடம் இல்லை.

சாமந்தித் தொட்டிகளுக்கு நடுவே, மரக்கட்டைகள்மேல் நின்றது படகு. நான் உடனே கிட்டே போகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாசலிலேயே வழிந்தால் மரியாதை கெட்டுவிடும். சுற்றி ஒரு நடை நடந்தேன். பிறகு கையை விரித்துப் பாகம் போட்டு அளந்தேன். நாலரைப் பாகம், அதாவது இருபத்தேழு அடி. உடம்பு ஃபைபர். ஆனால் மேலே வருகிறதெல்லாம் தேக்கு: கைப்பிடி, சுக்கான் அறைக் கதவு, ஜன்னல் சட்டம், உட்காரும் பலகை. யாரோ கஞ்சத்தனம் இல்லாமல் செய்திருக்கிறார்கள். திருகாணித் தலைகள்மேல் தேக்குத் தக்கை வைத்து, ரேகையோடு ரேகை சேர்த்து அடைத்திருந்தார்கள். வட்ட ஜன்னல்களுக்குப் பித்தளை வளையம். மேலே கறுப்பும் சிவப்புமாகப் புகைக்கூண்டு. அதை மட்டும் தட்டினேன், டொம் என்றது. பொய்க் கூண்டு. ராம்ரதி மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே களைக்கொத்திகளும் ஒரு பூவாளியும் இருந்தன.

"புகை எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"பக்கத்தில், பாபா. இது ஷோவுக்கு. டெல்லியில் எல்லாமே கொஞ்சம் ஷோவுக்கும்தானே" என்றார்.

வெளிப்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் கோடு போயிருந்தது. படகைச் சுற்றி ஒரே மட்டத்தில், நூல் பிடித்தமாதிரி. அது என்ன என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன். ராம்ரதி அதைச் சொல்லும்போது குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஆனியில் தண்ணீர் விடியக்காலம் வந்ததாம். ரோட்டுக்கு ஓடுவதற்குள் பாதை போய்விட்டது. மாமியாரையும் இரண்டு மகள்களையும் ஆட்டையும் படகில் ஏற்றிவிட்டு, தண்ணீர் மோட்டாரின் கயிற்றால் படகைக் கீக்கர் என்கிற கருவேல மரத்தில் கட்டினார். வயிற்றளவு தண்ணீர் வந்ததும் படகு கட்டைகளை விட்டு எழுந்தது. அதுவரை அவரைப் பொறுத்தவரை அது படம் எடுக்கிற சாமான். மத்தியானம் மீட்பு ரப்பர் படகு வருகிறவரை அது அவர்களைத் தாங்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி நின்றது.

நான் உள்ளே இறங்கி, அடிப்பலகையைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளியே இருந்த மண் கோடு உள்ளே இல்லை. மூலையில் பழைய சிலந்தி வலை பழைய வலையாகவே இருந்தது. இருக்கைக்கு அடியில் இருந்த அறையில் முள்ளங்கி விதைப் பொட்டலம் நமுத்துக்கூடப் போகவில்லை. பின்பக்கம், தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடியின் தண்டு வெளியே போகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் துரு ஒழுகியிருந்தது. அது திணிப்புக் கயிறு மாற்றினால் தீரும். அதையும் அவரிடம் சொன்னேன். விலையைக் குறைக்க வழி கிடைத்தும் பாபா குறையைச் சிறிதாகச் சொல்கிறாரே என்று அவருக்கு ஆச்சரியம். உள்ளதைச் சொல்வதில் எனக்கு ஒரு திமிர் உண்டு.

விலை நாலரை என்று தொடங்கி மூன்றே முக்கால் லட்சத்தில் நின்றது. அதற்குமேல் இறங்க மாட்டேன் என்றார். ஏன் என்றும் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சத்தர்பூரில் இருந்து ஒரு கல்யாண டெக்கரேட்டர் அதே விலையோடு வருகிறார். அவருக்குப் படகு முழுதாக வேண்டாம். நடுவில் நீளமாக அறுத்து, சக்கரம் வைத்து, மாப்பிள்ளை நின்றுகொண்டு வருகிற மேடையாக்கப் போகிறார்.

"அறுக்கக் கொடுக்க மனசு இல்லை, பாபா. எங்களைத் தூக்கி வைத்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்குள் இடத்தைக் காலி பண்ண வேண்டும். நீங்கள் தண்ணீரில் விடுவதானால் இன்றைக்குச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதையும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்."

செல்வி என்னைப் பார்த்தாள். "சுக்கானப் பிடிச்சுப் பாருங்கப்பா, பொறவு முடிவு பண்ணுவோம்" என்றாள்.

சுக்கான் அறைக்குள் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். தேக்குச் சுக்கான், எட்டுக் கால், நடுவில் பித்தளைக் குமிழ். கை வைத்ததும் கைக்குத் தெரிந்துவிட்டது. ராம்ரதி நர்சரிக் குழாயை எஞ்சினுக்குத் தண்ணீர் போகிற வாயில் செருகி, சாவியைத் திருப்பினார். லாரி எஞ்சின்தான், இருமிக்கொண்டே பிடித்தது. காலுக்கடியில் பலகை அதிர்ந்தது. முன்னால் சாமந்தி, அதற்கப்பால் பனி. பனிக்குள் எதுவும் இருக்கலாம், துறைமுகமே இருக்கலாம்.

"முன்னே விடுங்க" என்றாள் செல்வி, விளையாட்டாக.

என் இடக்கை தலைக்கு மேலே போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் எட்டித் துழாவினேன். இல்லை. உடனே வலக்காலால் தளத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். எஞ்சின் அதே குரலில் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மிதித்தேன்.

"க்யா ஹுவா பாபா? எலியா?" என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார் ராம்ரதி.

எலி இல்லை. எங்கள் டக்கில் சுக்கான் மேலே, எஞ்சின் கீழே. நடுவில் ஒரு மணிக்கயிறு. நான் ஒன்று அடித்தால் கீழே இருக்கும் டிரைவர் முன்னே விடுவார். இரண்டு அடித்தால் பின்னே. போகும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. விடாமல் ஆட்டினால் உள்ளதை எல்லாம் கொடு. மணி கேட்டதற்கு அடையாளமாக அவர் ஸ்பானரால் குழாயில் அதே கணக்கில் தட்டுவார். கயிறு அறுந்தால் காலால் மிதிப்போம். எனக்குக் கடல் தெரியும், எஞ்சின் தெரியாது. அவருக்கு எஞ்சின் தெரியும். கடல் எங்கே இருக்கிறது, முன்னால் கப்பலா சுவரா, ஒன்றும் தெரியாது. முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட எஞ்சின் அறைக்குள் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது. சுக்கான் பிடிக்கிறவன் கீழே இறங்கினால், கீழே இருப்பவனை நம்பவில்லை என்று அர்த்தம்.

இதைத்தான் நான் யோசிக்கவில்லை என்று முன்னால் சொன்னது. பணம் யோசித்தேன், இடம் யோசித்தேன், அடிப்பாகம் பார்த்தேன். படகை முன்னே கொண்டுபோக எனக்குத் தெரியாது என்பது எழுபத்தேழு வயதில் அந்தச் சாமந்திக்கு நடுவில் நிற்கிறபோதுதான் எனக்கே தெரிந்தது.

ராம்ரதி கையை நீட்டிச் சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கறுப்புப் பிடியைக் காட்டினார். அதை முன்னால் தள்ளினால் முன்னே, பின்னால் இழுத்தால் பின்னே. ஒரே ஆள் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

"லிவர்தானேப்பா. எங்க வண்டியிலயும் இப்படித்தான். அரை மணி நேரத்துல நான் சொல்லித் தாரேன்" என்றாள் செல்வி.

"வேண்டாம்."

"ஏன்?"

"கண்ணு தண்ணியில இருக்கணும். மனசு கயித்துல இருக்கணும். மூணாவதா ஒண்ணைப் பாக்க என்கிட்ட ஆள் இல்ல."

"மத்தவங்கள்லாம் ஓட்டலையா?"

"மத்தவங்க ஓட்டட்டும். நான் இழுத்தவன்."

பிடிவாதம் என்பாள். என் கட்சியை நான் விடவில்லை. ஒருதரம் கச்சான் என்கிற மேல்காற்றில் ஏழு தோணி சரத்தோடு வருகிறோம். கடைசித் தோணி திரும்பிக்கொண்டு எங்களைத் துறைமுகச் சுவர் பக்கம் இழுக்கிறது. மணிக்கயிறு கையோடு வந்துவிட்டது. நான் மேலே மிதிக்கிறேன், ஒவ்வொரு மிதிக்கும் கீழே இருந்து டங் டங்கென்று பதில் வருகிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கரைக்கு வந்தபோது ஏழும் ஏழாக இருந்தன, ஒரு மூட்டை நனையவில்லை. கீழே இருந்தவர் படியேறி வந்து, "என்னவே, மேல கூத்தா நடந்துச்சு?" என்று கேட்டார். சுவரை அவர் பார்க்கவே இல்லை. அப்படி ஓர் ஆளோடு வேலை பார்த்தவனுக்கு லிவர் எதற்கு?

எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அன்றைக்குச் சொல்லியாக வேண்டும். கீழே ஆள் இல்லாமல் வாங்க மாட்டேன். வாங்காவிட்டால் நாளைக்கு ரம்பம் வரும். செல்வியிடம் டிரைவருக்குப் போன் போடச் சொன்னேன்.

டிரைவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மார்கழி வெள்ளத்தில் அவர் வீட்டு ஜன்னல் வரை தண்ணீர். இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்துவிட்டு, அப்போதுதான் சேற்றை அள்ளி முடித்திருந்தார். ஒரு காது எஞ்சினுக்குக் கொடுத்தது போக மிச்சக் காதில் பேசுவார். செல்வி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"யாரு?"

"ஸ்ராங்கு பேசுதேன்."

"இன்னும் இருக்கீராவே?"

"உம்மை அனுப்பிட்டுத்தான் போவணும்னு இருக்கேன். ஒரு டக் விலைக்கு நிக்கி, டெல்லியில."

"டெல்லியிலயா? அங்க எதை இழுக்கப் போறீரு, பார்லிமெண்டையா?"

விவரம் சொன்னேன். கங்கைக்கரையில் விடப் போவதையும் சொன்னேன். எஞ்சின் எப்படி என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்றேன். செல்வி மறுபடி சாவியைத் திருப்பி, போனை எஞ்சின் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். டிரைவர் ஓட்டத்தைக் கேட்டே நோய் சொல்லிவிடுவார் என்று ராம்ரதியிடம் நான் வேறு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர் ரொம்ப நேரம் கேட்டார்.

"போன்ல கேட்டா மாவு மில்லும் இப்படித்தான் கேக்கும்" என்றார் கடைசியில். "பக்கத்துல நின்னாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப வந்து நில்லும்."

எஞ்சினை அணைத்தோம். போனும் போய்விட்டதோ என்று செல்வி திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு எம்பத்திரெண்டு ஆவுது வே. படி இறங்க ஆள் வேணும். பிள்ளைக விடாது." பிறகு, "அதுல மணி இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"மணி இல்லாத படகுக்கு டிரைவர் எதுக்கு?"

குழாயைச் செருக ராம்ரதி கொண்டுவந்த ஸ்பானர் படியில் கிடந்தது. எடுத்துப் போனுக்குக் கிட்டே இரும்புத் தூணில் ஒரு அடி அடித்தேன். ஒன்று. தூரத்தில் ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டங்.

சின்னச் சத்தம்தான். கட்டில் காலில் கைத்தடிப் பூணால் தட்டினார் என்று பிறகு அவர் மகள் சொன்னாள். ஒன்றுக்கு ஒன்று. முன்னே.

"குளிரு எப்படி அங்க?" என்றார் டிரைவர்.

"மேலதான் குளிரு. கீழ எஞ்சின் சூடு இருக்கும்லா."

"அப்ப நீரு நடுங்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முன்பணம் இருபதாயிரத்தைச் செல்வி போனிலேயே அனுப்பினாள். படகின் பதிவுத் தாளை அவள் மூன்று தடவை வாசித்தாள். ராம்ரதி டெக்கரேட்டருக்கு அங்கேயே போன் போட்டு, படகு போய்விட்டது, நாளைக்கு வர வேண்டாம் என்றார். பிறகு பொய்க் கூண்டுக்குள் கையை விட்டுக் களைக்கொத்திகளையும் பூவாளியையும் எடுத்துக்கொண்டார். தண்ணீரில் இறக்குகிற அன்றைக்குச் சொல்லி அனுப்புங்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். "இந்த முறை மரத்தில் கட்டாமல் போகட்டும்" என்றார்.

திரும்பி வருகிற வழியில் கரோல் பாகில் இறங்கினோம். நிலையத்தில் இருந்து பத்து நிமிஷ நடையில் பித்தளைக் கடைகள். பன்னிரண்டு மணியைத் தட்டிப் பார்த்துப் பதின்மூன்றாவதை வாங்கினேன், ஆயிரத்து நானூறு ரூபாய். கடைக்காரர் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். செல்வி, "எஞ்சினுக்கு" என்றாள்.

இனிப் பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு. பகலில் போங்கள், ஆனாலும் டார்ச் கொண்டுபோங்கள். படகின் உண்மை அடிப்பலகைக்குக் கீழே இருக்கிறது. தேக்கு பளபளத்தால் மயங்காதீர்கள், தண்ணீர் தேங்குகிற மூலையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் திரும்பி நடங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே கிளப்பி வைத்திருக்கிறார்கள். எங்களுடையது ஐஸாக இருந்தது, செல்வி தொட்டாள். வாங்குகிற விலையோடு கிரேனையும் லாரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மயூர் விஹாரில் இருந்து பிரிஜ்காட் நூறு கிலோமீட்டருக்குக் கிட்டே, இரண்டுக்கும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் கேட்டிருக்கிறார்கள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்களுக்கு எது தெரியாது என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போங்கள்.

டிரைவருக்கு மாசிக் கடைசியில் டெல்லி நிஜாமுதீனுக்கு வருகிற வண்டியில் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. அவர் மகள் கூட வந்து விட்டுவிட்டுப் போவாள். மணியைச் சுக்கான் அறையில் என் இடக்கை போன இடத்திலேயே மாட்டப் போகிறேன். அந்தக் கறுப்பு லிவரில் இருந்து கீழே ஒரு கம்பி போட்டு, பிடியை எஞ்சின் பக்கம் மாற்றிக் கொடுக்க ஒரு மெக்கானிக் ஒப்புக்கொண்டிருக்கிறார். இருக்கிற வசதியைக் கெடுக்கச் சொல்லி யாரும் தன்னிடம் இதுவரை காசு கொடுத்ததில்லை என்றார்.

எங்கள் டக்கில் ஏழு பேர். எனக்குச் சுக்கான் கற்றுக் கொடுத்த பெரிய ஸ்ராங்கு பிச்சையா, ஓய்வு பெற்ற மறுவருஷமே போனார். கயிறு எறிந்தால் குறி தப்பாத சவரிமுத்து காமாலையில் போனான். செய்யது அண்ணன் பேரன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தபடியே போனார், கொடுத்து வைத்தவர். எண்ணெய்க்கார மாடசாமி சுனாமிக்கு முந்தின வருஷம். சமைத்துப் போட்ட பண்டாரி கோமதிநாயகம் கொரோனாவில். நான் இங்கே டெல்லியில் இருக்கிறேன், என்னை விடுங்கள். டக்கில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஸ்ராங்கு, டிரைவர், பண்டாரி, அவ்வளவுதான். அதனால்தான் இவ்வளவு நேரம் அவரையும் அப்படியே சொல்லி வந்தேன். ஆனால் மாசியில் அந்த மணியை நான் ஒன்று அடித்தால், கீழே இருந்து ஒன்று திருப்பித் தட்ட இந்த உலகத்தில் உயிரோடு இருக்கிற ஒரே ஆளின் பெயர் இங்கே எழுத்தில் இருக்கட்டும் என்று செல்வியைத் தட்டச் சொன்னேன்: ஆறுமுகநேரி இசக்கிமுத்து.